துப்பறியும் சிறுகதை: கருவில் தொடங்கி அச்சு வரை முழுமையான வழிகாட்டி

குற்றக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கொலையாளியை ஒளித்து வைப்பதற்கே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வார இதழ்ச் சிறுகதையில் அது நடக்காத காரியம். மொத்தமே ஐந்து பேர் வருகிற கதையில் ஒருவர் செத்து, ஒருவர் விசாரிக்க வந்தால், மீதி மூன்று பேர்தான். வாசகர் மூன்றாவது பத்தியிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடுவார். ஒளிக்க வேண்டியது துப்பை. அது வாசகரின் கண்ணெதிரே கிடக்க வேண்டும். அவரும் அதைப் படித்து, வேறு ஏதோ விஷயம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்க வேண்டும். கடைசியில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "அட, சொல்லித்தானே இருக்கு" என்று அவர் சொன்னால் அந்தக் கதையைப் பத்திரிகை ஆசிரியரும் எடுத்துக்கொள்வார்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கதையைக் கையில் வைத்துக்கொண்டு போகிறது. இடம் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறை. அங்கே கணக்குப்பிள்ளை ஒருவர் கொலை செய்யப்படுகிறார்.

முதல் படி: அளவு

எழுத உட்காரும் முன் எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரு பக்கக் கதை என்றால் 250 முதல் 300 சொற்கள். வார இதழ்ச் சிறுகதைக்கு 1,200 முதல் 1,500 சொற்கள் பொதுவாகப் பொருந்தும். தொகுப்புக்கு எழுதும்போது 2,500 முதல் 5,000 வரை இடம் கிடைக்கும். ஒவ்வோர் இதழின் அறிவிப்பிலும் இருக்கிற எண்ணிக்கையே முடிவானது. "1,500 சொற்களுக்கு மிகாமல்" என்று போட்டிருந்தால் 1,700 அனுப்பாதீர்கள். பக்கம் வடிவமைப்பவர் கடைசி 200 சொற்களில்தான் கை வைப்பார், உங்கள் முடிச்சு அவிழ்வதும் அங்கேதான்.

அளவுக்குத் தக்கபடியே கரு அமையும். 300 சொற்களில் ஒரு துப்பும் ஒரு திருப்பமும்தான் நிற்கும், விசாரணைக்கு இடமில்லை. 1,500 சொற்களில் ஒரு முதன்மைத் துப்பு, அதற்கு வலுச் சேர்க்கும் இன்னொன்று, ஒரு தவறான தடம், பேசும் பாத்திரங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது கொலை நாவலுக்கு உரியது. சிறுகதையில் அது வந்தால் முதல் கொலையின் மேல் யாருக்கும் அக்கறை இருக்காது.

இரண்டாம் படி: நடந்ததை முதலில் எழுதுங்கள்

கதையை எழுதும் முன், அந்த இரவு உண்மையில் என்ன நடந்தது என்பதை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். வாசகர் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் இது இல்லாமல் எழுதிய கதைகள்தான் ஆசிரியர் மேசையில் ஓட்டையோடு வந்து விழுகின்றன.

நம் கதைக்கான தாள் இப்படி இருக்கும். நான்கு தறிகள் உள்ள பட்டறை. முதலாளியின் மருமகன் நூல் மூட்டைகளை இரவில் வேனில் ஏற்றி வெளியே விற்கிறான். கணக்குப்பிள்ளைக்கு நூல் இருப்பில் குறைவு தெரிகிறது. ஊர் நோம்பிக்காக (திருவிழாவுக்காக) தெரு முழுக்கப் பட்டறைகள் அடைப்பு. இந்த ஒரு பட்டறை மட்டும் ஆர்டர் அவசரத்துக்கு ஓட வேண்டும், ஆனால் தறி ஓட்டுகிறவரும் நோம்பிக்குப் போய்விட்டார். "நானே ஓட்டுகிறேன்" என்கிறான் மருமகன். இரவு 10 மணிக்குத் தறியைப் போடுகிறான். 12 மணிக்கு நிறுத்திவிட்டு மூட்டையை ஏற்றுகிறான். கையும் களவுமாகப் பிடிக்க வந்த கணக்குப்பிள்ளையை 12.30 மணிக்கு நூல் அறையில் தலையில் அடித்துக் கொன்றுவிட்டு, வேனோடு போய் நூலை இறக்கிவிட்டு, விடிவதற்கு முன் திரும்பி வருகிறான். காலை 5 மணிக்குத் தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குச்சி) சுற்றும் பெண் உடலைப் பார்க்கிறார். மருமகன் சொல்வது: "ராத்திரி பத்துல இருந்து நாலு வரைக்கும் தறியிலதான் நின்னேன். நூல் ரூம் பக்கமே போகல."

இந்தப் பொய்யை உடைப்பது எது? அதற்கான விடை பட்டறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு கேமரா, ஒரு கைரேகை, திடீரென்று முளைத்த ஒரு சாட்சி என்று கொண்டுவந்தால் அந்தக் கதையை எந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம்.

தறியின் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 150 ஊடை (குறுக்கு இழை) விழுகிறது, துணியில் அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால், நிமிடத்துக்கு இரண்டரை அங்குலம் துணி வரும். மணிக்கு 150 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.8 மீட்டர். நூல் அறுவது, தார் மாற்றுவது என்று நேரம் போனாலும் ஆறு மணி நேரத்தில் ஒரு தறியில் 18 மீட்டராவது இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் மட்டும் ஓடியிருந்தால் 6, 7 மீட்டர்தான். ஒரு தறியில் குறைந்தால் நூல் அறுந்தது என்று சொல்லலாம். நாலு தறியிலும் 7 மீட்டரிலேயே நின்றிருந்தால்?

அப்படியானால் கொலையாளிக்கு இது தெரியாதா என்று வாசகர் கேட்பார். கட்டாயம் கேட்பார். இங்கேதான் கதை நிமிர்கிறது. அந்தப் பட்டறையில் தினமும் காலையில் துணியை அளந்து நோட்டில் எழுதுகிற ஒரே ஆள் கணக்குப்பிள்ளை. அளக்கிறவர் செத்துக் கிடக்கும் காலையில் யார் அளக்கப்போகிறார்கள்? மருமகனின் நம்பிக்கை அதுதான்.

மூன்றாம் படி: துப்பைப் புதைப்பது

துப்பைப் புதைக்க மூன்று நல்ல இடங்கள் உண்டு: ஒரு சண்டைக்குள், ஒரு வேலைக்குள், ஒரு குறைசொல்லுக்குள். இவற்றைப் படிக்கும்போது வாசகரின் கவனம் மனிதர்கள் மேல் இருக்கும், தகவல் மேல் இருக்காது. தனியாக ஒரு வரியில், "மேசை மேல் ஒரு பழைய சாவி கிடந்தது" என்று எழுதினால் சாவியின் மேல் விளக்கைப் போட்டுக் காட்டியது போல ஆகிவிடும்.

நம் கதையின் முதல் காட்சி, கொலைக்கு முந்தைய நாள் காலை. கணக்குப்பிள்ளைக்கும் தறி ஓட்டுகிறவருக்கும் கூலித் தகராறு.

"மணிக்கு நாலு மீட்டர்கூடத் தள்ள மாட்டேங்குது. இதுல நீ மீட்டருக்குக் கூட்டிக் கேட்டா மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றதுப்பா?"

"நாலு மீட்டர் ஓட்டோணும்னா நல்ல நூலாக் குடுங்க. அறுந்து அறுந்து விழுந்தா நான் என்ன பண்றதுங்க?"

வாசகர் இதைக் கூலிப் பிரச்சினையாகவே படிப்பார். தறி ஓட்டுகிறவருக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வார். "மணிக்கு நாலு மீட்டர்" என்ற எண்ணும் கூடவே உள்ளே போய்விடும். கொல்லப்படப்போகிறவரின் வாயாலேயே கொலையாளியைப் பிடிக்கும் கணக்கைச் சொல்ல வைத்திருக்கிறோம். அதே நேரம் அந்தச் சண்டை தவறான தடத்தையும் போட்டுவிட்டது. சண்டை போட்டவர் மறுநாள் ஊரில் இல்லை, போலீஸ் அவரைத்தான் முதலில் தேடும். ஒரே உரையாடல் இரண்டு வேலை செய்கிறது. சிறுகதையில் இந்தச் சிக்கனம் இல்லாமல் முடியாது.

இரண்டாவது துப்பு ஒலி. தறித் தெருவில் வாழ்பவர்களுக்குச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது, சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். இதை விளக்கமாக எழுதினால் கெட்டுப்போகும். முதல் காட்சியிலேயே பட்டறைக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் தார் சுற்றும் பெண்ணின் பேரக்குழந்தை தொட்டிலில் தூங்கட்டும். டீ நேரத்துக்குத் தறியை நிறுத்துகிறார்கள், குழந்தை வீறிட்டு அழுகிறது, அந்த அம்மாள் தார் சுற்றுவதை விட்டுவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறார். அவ்வளவுதான். பிறகு மூன்றாம் காட்சியில், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் அவர் சொல்வது: "நடுராத்திரில இருந்து புள்ளை தூங்கவே விடலைங்க. என்னன்னே தெரியல." இன்ஸ்பெக்டர் அதைப் பொருட்படுத்த மாட்டார். வாசகரும் பொருட்படுத்த மாட்டார்.

துப்பை எங்கே வைத்தாலும் அவிழ்க்கும் இடத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது ஒரு முழுக் காட்சியாவது இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஊகித்துவிடுவார்கள். அதே போல, துப்பை ஒரு பத்தியின் கடைசி வாக்கியமாக வைக்காதீர்கள். பத்தியின் கடைசி வரி எப்போதும் மனதில் தங்கும். நடுவில் வையுங்கள், கடைசியில் வேறு ஒரு சுவையான விஷயத்தைப் போடுங்கள்.

வாசகருக்குத் தெரியாத எதையும் துப்பறிபவர் தெரிந்துவைத்திருக்கக் கூடாது என்பது இந்த வகை எழுத்தின் பழைய ஒழுங்கு. ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1929-இல் பத்துக் கட்டளைகளாகவே அதை வகுத்தார். அவற்றில் சில காலாவதியாகிவிட்டன. கண்டுபிடித்த துப்பை உடனே வாசகர் முன் வைக்க வேண்டும் என்ற விதி மட்டும் இன்றும் அசையாமல் நிற்கிறது.

நான்காம் படி: துப்பறிபவர் யார்

கோட்டு போட்ட தனியார் துப்பறிவாளர் வேண்டாம். மாத நாவல்களில் அவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது, 1,500 சொற்களில் அவரை அறிமுகப்படுத்தவே 200 போய்விடும். துப்பைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆளே துப்பறிபவராக இருக்கட்டும். நம் கதையில் அது தார் சுற்றும் பெண். வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் தார் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், ஆள் நின்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விடிந்தால் காலித் தார்கள் கூடையில் அவரிடம்தான் திரும்பி வரும். எண்ணித்தான் வாங்குவார், கூலியே அதில்தான். அன்று காலை கூடையில் பாதிக்கு மேல் சுற்றின தார் அப்படியே இருக்கிறது.

இது இன்னொரு ஓட்டையையும் அடைக்கிறது. "தறியை ஓடவிட்டுவிட்டு அவன் வெளியே போயிருக்கலாமே" என்று யாராவது கேட்டால், தார் தீர்ந்ததும் தறி நின்றுவிடும் என்பதே பதில்.

ஓட்டை பார்ப்பதற்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்தக் கதையில் எழக்கூடிய கேள்விகள்: மின்தடை ஏற்பட்டிருந்தால்? எதிர்வீட்டில் விடிய விடிய மின்விசிறி ஓடியது என்று ஒரு வரி போதும். பக்கத்துப் பட்டறைச் சத்தம் இருந்தால் இந்தத் தறி நின்றது எப்படித் தெரியும்? அதற்காகத்தான் நோம்பி அடைப்பு. கணக்குப்பிள்ளை ஏன் நடுராத்திரியில் வந்தார், போனில் அழைத்தார்களா? அழைத்திருந்தால் அழைப்புப் பட்டியலை எடுத்ததுமே வழக்கு முடிந்துவிடும். அதனால் அவரே சந்தேகத்தில் வந்தார். இப்போதெல்லாம் எந்தக் கதையிலும் கைபேசியை என்ன செய்வது என்று முடிவு செய்யாமல் எழுதவே கூடாது. பாத்திரத்தின் கைபேசி எங்கே இருந்தது, எந்தக் கோபுரத்தில் பதிந்தது என்பதுதான் போலீஸ் முதலில் பார்ப்பது. மருமகன் கைபேசியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போனால், அதுவே அவன் பொய்க்குத் துணையாகவும் நிற்கும்.

சிசிடிவி இன்னொரு தலைவலி. நீங்கள் கேமராவைப் பற்றிப் பேசாவிட்டால் வாசகர் பேசுவார். பதிவுக் கருவியின் கொள்ளளவு நிறைந்ததும் பழைய காட்சிகள் மேல் புதியவை பதிவாகும். பல இடங்களில் இரண்டு மூன்று வாரமே தங்கும். கருவியில் ஓடும் கடிகாரம் பல நிமிடம் தள்ளியிருப்பதும் சகஜம். அந்த நேர வித்தியாசத்தையே துப்பாக வைத்து ஒரு தனிக் கதை எழுதலாம்.

ஐந்தாம் படி: காவல் நிலையமும் சட்டமும்

இன்று ஆசிரியர்கள் சட்டென்று பிடிக்கும் தவறு பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 இல்லை, 103(1). மோசடிக்கு 420 இல்லை, 318(4). முதல் தகவல் அறிக்கை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. முன்பு 154. சந்தேக மரணம் என்றால் 194, முன்பு 174. நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் கொடுப்பது 183, முன்பு 164. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுதான். ஆகவே கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள். பேச்சில் மட்டும் ஒரு பெரியவர் "அவன் நானூத்தி இருபதுங்க" என்று சொல்லலாம், மக்கள் வாயில் அது இன்னும் பல காலம் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் இருக்காது.

கொலை என்று உறுதியாகத் தெரியாத நேரத்தில் முதலில் சந்தேக மரணமாகவே பதிவு செய்வார்கள். பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும் கொலை வழக்காகப் பிரிவு மாற்றம் செய்வார்கள். கதையில் இந்த மாற்றமே ஒரு நல்ல திருப்புமுனை. தற்கொலை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும்போது, பிரிவு மாறிய செய்தியை ஒரு ஏட்டு டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டது நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அதைச் சுட்டும் பகுதி மட்டும் ஏற்கப்படும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 23-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான், பழைய சாட்சியச் சட்டத்தில் 25 முதல் 27 வரை. அதனால்தான் கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுதுவதும், ஆயுதம் கிடந்த இடத்துக்கு ஆளைக் கூட்டிப்போய் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) போடுவதும் நடக்கிறது. "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான், கேஸ் முடிஞ்சது" என்று கதையை முடிப்பது இதனால்தான் பலவீனமாகத் தெரிகிறது. கொலையாளி ஒப்புக்கொள்ளாமலே மாட்டிக்கொள்ள வேண்டும். நம் கதையில் துணி அளவும் தார்க் கூடையும் அவனுடைய பொய்யை உடைக்கின்றன. அந்தப் பொய்யிலிருந்து வேனுக்கும் நூல் வாங்கியவருக்கும் போலீஸ் போய்விடும்.

இன்னும் சில நுணுக்கங்கள். கொலை வழக்கைப் பொதுவாக விசாரிப்பது இன்ஸ்பெக்டர். உதவி ஆய்வாளர் கூட இருப்பார். சம்பவ இடத்தில் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாராகும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) சொல்கிறது. மாநிலங்கள் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ள ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. கைது செய்த ஆளை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. மோப்ப நாய் வந்தால், நாளிதழ்ச் செய்தியில் வருகிற மாதிரி, சிறிது தூரம் ஓடி நிற்கட்டும். அது நேராகக் கொலையாளியின் மடியில் போய் விழுந்தால் ஆசிரியர் அங்கேயே தாளைக் கவிழ்த்துவிடுவார்.

ஆறாம் படி: உடல் சொல்லும் நேரம்

"சரியாக இரவு 11.47-க்கு இறந்திருக்கிறார்" என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அவர் கொடுப்பது ஒரு இடைவெளி மட்டும். நம் ஊர் வெப்பத்தில் உடல் விறைப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் இமையிலும் தாடையிலும் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குள் உடல் முழுக்கப் பரவும். பிறகு தளரத் தொடங்கும். கோடையில் சீக்கிரம் தளரும், குளிரில் தாமதமாகும். கணக்குப்பிள்ளையின் உடலைக் காலை 5 மணிக்குப் பார்க்கும்போது தாடையும் கழுத்தும் கையும் விறைத்திருக்கும், கால் முழுதாக விறைத்திருக்காது. மருத்துவர் "பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் இருக்கலாம்" என்று சொல்வது பொருந்தும்.

எழுத்தாளருக்கு விறைப்பைவிட ரத்தத் தேக்கம் பயன்படும். இதயம் நின்றதும் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கத்தில் தங்கி, ஓரிரு மணி நேரத்தில் கருஞ்சிவப்புத் திட்டாகத் தெரியத் தொடங்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். மல்லாக்கக் கிடக்கும் உடலின் மார்பில் நிலைத்த திட்டு இருந்தால், அதை யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தூக்கில் தொங்கிய தடம் கழுத்தின் மேற்பகுதியில் சாய்வாக ஏறி, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொன்றால் தடம் சற்றுக் கீழே, கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி வரும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து எத்தனையோ கதைகள் வந்துவிட்டன. இனி அதை முடிவாக வைக்காமல் தொடக்கமாக வையுங்கள்.

நள்ளிரவில் பிரேதப் பரிசோதனை நடப்பதாக எழுதுகிறவர்கள் கவனிக்க: வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் ஒழிய, அந்த அனுமதி பொருந்தாது. உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மறுநாள் மாலை கையில் அறிக்கையோடு வரும் இன்ஸ்பெக்டர் வேண்டாம். குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் மயங்கி விழுவதையும் விட்டுவிடுங்கள். உண்மையில் சில நிமிடங்கள் தொடர்ந்து மூச்சில் இழுக்க வேண்டும்.

விஷத்தைப் பற்றி எழுதும்போது பெயர், அளவு, எங்கே கிடைக்கும் என்று முழு விவரம் எந்தக் கதைக்கும் தேவைப்படுவதில்லை. வாசகருக்கு வேண்டியது அது யார் கைக்கு எப்படி வந்தது என்பதே.

ஏழாம் படி: ஐந்து காட்சிகளாக அடுக்குவது

1,500 சொற்களைப் பிரிக்கலாம். முதல் காட்சி கூலித் தகராறும் தொட்டிலும், 250. இரண்டாவது, உடல் கிடக்கும் காலை, 200. மூன்றாவது, விசாரணை, 400: தறி ஓட்டுகிறவர் மேல் சந்தேகம், மருமகனின் வாக்குமூலம், அந்த அம்மாளின் புலம்பல். நான்காவது, அவர் வீட்டுத் திண்ணையில் தார்க் கூடையை எண்ணுவது, பிறகு பட்டறைக்குப் போய்த் துணியை அளப்பது, 350. கடைசி, 300.

நான்காவது காட்சிதான் கதையின் உயிர். அவசரப்படாதீர்கள். அந்த அம்மாள் கூடையைக் கவிழ்த்து, காலித் தாரை ஒரு பக்கமும் சுற்றின தாரை ஒரு பக்கமும் பிரிக்கட்டும். எண்ணிக்கை சரிவராமல் மறுபடி எண்ணட்டும். தொட்டிலில் குழந்தை சிணுங்கும்போது அவர் கை நிற்கட்டும். தெரு முழுக்க அமைதி. அந்த அமைதியில் அவருக்குப் புரிவதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

கடைசிக் காட்சியில் துப்பறிபவர் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கும் பழக்கம் சிறுகதையில் இடத்தைத் தின்னும். மருமகன் இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மாள் கணக்குப்பிள்ளையின் நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, "இன்னைக்குத் துணி யாரும் எழுதலைங்க. நான் அளந்தேன். நாலு தறியிலும் ஏழு ஏழு மீட்டர்" என்று மட்டும் சொல்லட்டும். மிச்சத்தை வாசகர் கூட்டிக்கொள்வார்.

தொடக்கத்தைப் பற்றி ஒன்று: "அந்த நள்ளிரவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது" என்று தொடங்கும் கதைகள் ஆசிரியருக்கு வாரம் பத்து வரும். வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் தொடங்குங்கள். கணக்குப்பிள்ளை துணியை அளக்கிறார், அளவு குறைகிறது, குரல் உயர்கிறது.

எட்டாம் படி: திருத்தம்

முதல் பிரதியை ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு துப்புகளை மட்டும் சிவப்பில் அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு முறை நேரடியாகக் கண்ணில் பட்டிருக்கிறதா? மூன்று முறைக்கு மேல் வந்திருந்தால் ஒன்றை எடுங்கள். அடுத்து, இதுவரை கதையைக் கேள்விப்படாத இரண்டு பேரிடம் கடைசிக் காட்சி இல்லாமல் கொடுத்து, யார் என்று கேளுங்கள். இரண்டு பேருமே சரியாகச் சொன்னால் துப்பு மேலே மிதக்கிறது. விடையைக் காட்டிய பிறகும் "இது எப்படி?" என்று கேட்டால் துப்பு அடியிலேயே கிடக்கிறது. ஒருவர் ஊகித்து மற்றவர் தவறவிட்டால் பதம் சரி.

தலைப்பு முடிச்சைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. "ஏழு மீட்டர்" நல்ல தலைப்பு, முடியும் வரை அர்த்தம் தெரியாது. "நின்ற தறி" மொத்தத்தையும் கொட்டிவிடும். இதே காரணத்துக்காக, கதையோடு ஆசிரியருக்கு ஒரு குறிப்பு வையுங்கள்: ஓவியத்தில் தார்க் கூடை வராமல் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். ஓவியர் கதையை முழுக்கப் படித்துவிட்டு, மனதில் தைத்த காட்சியைத்தான் வரைவார்.

உண்மை வழக்கைத் தழுவினால் பெயரையும் தொழிலையும் மட்டும் மாற்றினால் போதாது, ஊரையும் உறவுமுறையையும் சேர்த்து மாற்றுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். கதை என்ற பெயரில் எழுதினாலும், அடையாளம் தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நேரும் வலி வலிதான்.

ஒன்பதாம் படி: அனுப்புவது

யுனிகோடு எழுத்தில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்து அனுப்பினால் மாற்றும்போது ஒற்றும் கொம்பும் சிதறும். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் பிரதி எடுக்கவே முடியாமல் போகும். கோப்பின் பெயரில் கதைத் தலைப்பும் உங்கள் பெயரும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், சொல் எண்ணிக்கை. கடிதம் நாலு வரி போதும்: கதை என் சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெங்கும் வெளிவரவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. கதைச் சுருக்கத்தைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். மர்மக் கதையைச் சுருக்கத்தோடு படிக்கும் ஆசிரியருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்ட கதையைப் பல இதழ்கள் வெளிவந்த கதையாகவே கொள்ளும். முதலில் இதழ், பிறகு உங்கள் பக்கம். பதில் வராவிட்டால் மூன்று மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். சொல்லாமல் அனுப்பி இரண்டு இதழிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் அடைபடும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அமெரிக்காவில் இரண்டு பழைய இதழ்கள் உண்டு. எல்லரி குயீன் மிஸ்டரி மேகசின் 1941-இலும், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் மிஸ்டரி மேகசின் 1956-இலும் தொடங்கின. முன்னதில் இதுவரை புனைகதை எதுவும் அச்சில் வராதவர்களின் முதல் கதைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அனுப்பும் கடிதத்தில் அது உங்கள் முதல் கதை என்று குறிப்பிட வேண்டும்.

பத்தாம் படி: தொகுப்பும் உரிமையும்

தொகுப்புக்கு அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, மற்றவர்கள் எழுதும் களம் என்ன என்பது. எட்டுக் கதைகளில் மூன்று ரயிலில் நடந்தால் மூன்றாவது ரயில் வெளியே போகும். உங்கள் களத்தை ஒரு வரியில் தொகுப்பாசிரியருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாதவரை, அது உங்களுக்கே திரும்பிவிடும். ஆகவே "அனைத்து உரிமைகளும்" என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைக்கதை ஆகிய ஐந்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தொகுப்புக்கு அச்சும் மின்னூலும் போதும். குற்றக் கதைகளை ஒலிவடிவில் கேட்கும் கூட்டம் இப்போது பெருகிவிட்டது, ஒலி உரிமையைச் சும்மா விட்டுக்கொடுக்க வேண்டாம். சன்மானம் மொத்தத் தொகையா, உரிமைத் தொகையா, பிரதிகளா, எந்தத் தேதிக்குள் என்பதும் அதே தாளில் வர வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடமும் இருக்க வேண்டும்.

இதழில் முதலில் வந்த கதையைப் பிறகு தொகுப்பில் சேர்க்கும்போது, எந்த இதழ், எந்தத் தேதி என்ற விவரத்தைத் தொகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இதழ் வந்த அன்றே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, அட்டையோடு சேர்த்து ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.